டாய் ஹாலர் வாங்கப் போறீங்களா? டிரக்குல ஆரம்பிக்காதீங்க

கலிஃபோர்னியா பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க யாராவது ஒரு தடவை கிளாமிஸ் மணல்மேட்டுக்குப் போய் ஃப்ரெண்டோட சைடு பை சைடுல (மணல்ல, மேட்டுல ஓட்டற ரெண்டு, நாலு சீட்டு விளையாட்டு வண்டி) ஒரு ரவுண்டு வந்துட்டாப் போதும், அடுத்த வாரமே எனக்கு ஃபோன் வரும். "அண்ணா, எந்த டாய் ஹாலர் நல்லாருக்கும்?" கூடவே இன்னொண்ணும் சொல்லுவாங்க, "டிரக் ஏற்கனவே எடுத்துட்டேன்". பிரச்சனையே அந்த ரெண்டாவது வரியிலதான்.

தெரியாதவங்களுக்கு: டாய் ஹாலர்னா ரோட்ல கூடவே கூட்டிட்டுப் போற பாதி வீடு பாதி கராஜ், பெரும்பாலும் டிரக் பின்னாடி இழுக்கறது. பின்பக்கச் சுவரே கதவாத் தொறந்து சாய்வுப் பலகையா இறங்கும், வண்டிய உள்ள ஓட்டி ஏத்திட்டு, கேம்ப்ல இறக்கினதுக்கப்புறம் அதே இடத்துல கட்டில இறக்கித் தூங்கலாம்.

இத முடிவு பண்றதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல விளையாட்டு வண்டி, அப்புறம் போற இடம், அப்புறம் மொத்த சுமை, அதுக்கு ஏத்த ஆர்.வி. (தங்கற வசதியோட இருக்கற டிரெய்லரோ வண்டியோ), கடைசியாத்தான் டிரக். முக்கால்வாசிப் பேர் இத அப்படியே தலைகீழாப் பண்ணிட்டு ரெண்டு வருஷத்துல ரெண்டு டிரக் மாத்தறாங்க. கையில ஒரு டேப், ஒரு நோட்டு, இப்ப வச்சிருக்கற டிரக்கோட டிரைவர் கதவுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரோட ஃபோட்டோ, இது மூணும் எடுத்துக்கிட்டு உக்காருங்க.

1. ஏத்தப் போற வண்டிய அளந்து எழுதுங்க

டர்ட் பைக் ரெண்டு மட்டும்னா உங்களுக்கு டாய் ஹாலரே தேவையில்ல, ஒரு 250 சிசி பைக் 260 பவுண்டு சுமார்தான் வரும், பிக்கப் பின்னாடி ஏத்திட்டு சாதாரண டிரெய்லர இழுத்துட்டுப் போயிடலாம். இதச் சொன்னா யாருக்கும் பிடிக்கிறதில்ல, ஆனா மிச்சமாகற காசு அவ்வளவு இருக்கு.

கத மாறறது நாலு சீட்டு சைடு பை சைடு வந்ததும்தான். போலாரிஸ் ஆர்.இசட்.ஆர்., கேன்-ஆம் மேவரிக் மாதிரி வண்டிங்க கம்பெனி எழுதற காலி எடையே 1,600, 1,700 பவுண்டுக்கு மேல. அதுல பெட்ரோல் கிடையாது, ரூஃப் கிடையாது, வின்ச், ஸ்டெப்னி, ஸ்பீக்கர், டூல் பாக்ஸ், கூலர் எதுவுமே கிடையாது. எல்லாம் மாட்டினா 2,000 பவுண்ட நெருங்கிடும். அதனால பிரவுச்சர் எடைய எழுதாதீங்க, 300 பவுண்டு கூட்டி எழுதுங்க.

அகலம் 64 இன்ச் மாடலா, 72 இன்ச் மாடலான்னு பாருங்க. நீளம் நாலு சீட்டுக்கு 150 இன்ச் சுத்தி வரும், அதாவது 12½ அடி. பின்னாடி ஸ்டெப்னி தொங்கினா இன்னும் கொஞ்சம். உயரத்த ரூஃபோட சேத்து அளங்க.

2. எங்க போறீங்க, கடைசி ரெண்டு மைல் எப்படி இருக்கும்

"ரிமோட் கேம்ப்"ன்னு எல்லாரும் ஒரே வார்த்தையில சொல்றாங்க, ஆனா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது.

கிளாமிஸ்ல கெக்கோ ரோடு தார் ரோடு, பார்க் பண்ண கெட்டியான இடமும் இருக்கு, முதல் தடவை போறவங்க அங்கயே போங்க. அதே மணல்மேட்டுக்குக் கிழக்க ரயில்வே டிராக்க ஒட்டிப் போற வாஷ் ரோடு சரளை மண்ணு. அதுலேர்ந்து ஒதுங்கி பத்தடி உள்ள போனா 12,000 பவுண்டு டிரெய்லர் மணல்ல உக்காந்துரும். ஜான்சன் வேலில மீன்ஸ் டிரை லேக் போறதுக்கு பூன் ரோடு, அது முழுக்க துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியா இருக்கும். 10, 15 மைல் ஸ்பீடுக்கு மேல போனா உள்ள டிராயர் எல்லாம் தொறந்து சாம்பார் பொடி டப்பா கட்டில் மேல கொட்டிக் கிடக்கும், அனுபவம். அந்த ஏரிப்படுகை காஞ்சிருக்கறப்ப பார்க்கிங் லாட் மாதிரி இருக்கும், மழை பெஞ்சா களிமண்ணு, வெளிய வரவே முடியாது.

இத ஏன் ரெண்டாவதா கேக்கறேன்னா, 42 அடி ஃபிஃப்த் வீல் (டிரக் பெட்டுக்குள்ள மாட்டற பெரிய டிரெய்லர்) வாங்கறவர் கெட்டித் தரை இருக்கற இடத்துக்கு மட்டுந்தான் போக முடியும். உள்ள தள்ளி, ஆள் இல்லாத இடமா வேணும்னா நீளம் குறைச்சலா, தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி கூட இருக்கறதா பாக்கணும். முக்கியமா அழுக்குத் தண்ணி வெளிய விடறதுக்குப் பின்னாடி தொங்கற டம்ப் பைப், அதுதான் முதல்ல இடிச்சு உடையும்.

எத்தன ராத்திரி, எத்தன பேர்னும் இப்பவே எழுதுங்க. டிசம்பர் லீவுல ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்தா கூட்டிட்டுப் போவீங்களா? அப்ப ஃபிஃப்த் வீல்ல படுக்கை ரூமுக்கு உள்ளயே படி ஏறணும்ங்கறது கணக்குல வரணும்.

3. மொத்த சுமைய கூட்டுங்க

இந்தக் கணக்க ஒரு ராத்திரி உக்காந்து போட்டுட்டா பாதி வேலை முடிஞ்சுது. நாலு பேர், நாலு நாளுக்கு ஒரு மாதிரிக் கணக்கு சொல்றேன்.

எல்லாம் மாட்டின சைடு பை சைடு 2,000. பையனோட சின்ன பைக், ஹோண்டா 110, அது 170. தண்ணி 100 கேலன், ஒரு கேலன் 8.34 பவுண்டு, ஆக 830. டாய் ஹாலர்லயே இருக்கற பெட்ரோல் டேங்க்ல 30 கேலன், கேலனுக்கு 6 பவுண்டுன்னு வச்சா 180. ப்ரொபேன் 60. பேட்டரி ரெண்டு 120. அப்புறம் ஹெல்மெட், சேர், விறகு, துணிமணி, பாத்திரம், மாவு டப்பா, அரிசி, ஐஸ் எல்லாம் சேத்து 600. கூட்டிப் பாருங்க, 3,960. சுமாரா 4,000 பவுண்டுன்னு வச்சுக்கங்க.

ஆர்.வி.ல கதவுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எவ்வளவு சரக்கு ஏத்தலாம்னு. அந்த நம்பர் உங்க கூட்டல விடக் கம்மியா இருந்தா அந்த டிரெய்லர் உங்களுக்கு இல்ல, அவ்வளவுதான். உள்ள சோஃபா எவ்வளவு அழகா இருந்தாலும் நடந்து வெளிய வந்துருங்க.

இங்க அடிக்கடி நடக்கிற தப்பு தண்ணிய மறக்கறது. சாதாரண கேம்ப்கிரவுண்டு போறவங்க காலி டேங்கோட போய் அங்க பைப்ல புடிச்சுப்பாங்க. பாலைவனத்துல பைப் கிடையாது, வீட்லேர்ந்தோ கடைசி ஊர்லேர்ந்தோ ரொப்பிட்டுத்தான் போகணும்.

4. எந்த வகை ஆர்.வி.

பம்பர் புல், அதாவது டிரக்குக்குப் பின்னாடி உருண்டைல மாட்டற டாய் ஹாலர்: 24 லேர்ந்து 30 அடி வரைக்கும் ஒரே ஒரு சைடு பை சைடு வச்சிருக்கற குடும்பத்துக்கு இது போதும். விலை குறைச்சல், டிரக்கோட பெட் காலியா இருக்கும், அதுல விறகும் சின்ன பைக்கும் போடலாம். குறை என்னன்னா காத்துக்கு ஆடும்.

ஃபிஃப்த் வீல்: டிரக் பெட்டுக்குள்ள மாட்டறது. ரோட்ல ரொம்ப நிதானம், கராஜ் தனி ரூமா சுவரோட வரும், பெட்ரோல் வாசனை படுக்கைக்கு வராது. ஆனா அதுக்கான டிரக் வேற லெவல், ஆறாவதுல கணக்கு வருது பாருங்க.

மோட்டார் ஹோம்லயே, அதாவது தானா ஓடற வீட்டு வண்டிலயே கராஜ் வச்சது: போற வழில பசங்க பாத்ரூம் போகலாம், அது பெரிய சௌகரியம். ஆனா கேம்ப் போட்டதுக்கப்புறம் ஐஸ் வாங்கப் பக்கத்து ஊர் பிராலி போகணும்னா வீட்டையே கெளப்பணும்.

நாலாவது வழி ஒண்ணு இருக்கு, டீலர் யாரும் சொல்ல மாட்டாங்க. கிளாஸ் சின்னு சொல்ற, வேன் மேல கட்டின சின்ன மோட்டார் ஹோம் ஒண்ணு, பின்னாடி ஒரு 16 அடி திறந்த டிரெய்லர், அதுல வண்டி. டிரெய்லரும் வண்டியும் சேந்து 4,000 பவுண்டு சுத்தி வரும், நிறைய கிளாஸ் சில ஹிட்ச் (டிரெய்லர மாட்டற இணைப்பு) 5,000 தாங்கும், ஆனா ஹிட்ச்ல எழுதியிருக்கறதப் படிச்சுட்டு மாட்டுங்க. வண்டி தூசி தின்னும், ராத்திரி ஹோட்டல்ல தங்கினா திருட்டு பயம் இருக்கும், உண்மைதான். ஆனா முதல் சீசனுக்கு யார் என்னைக் கேட்டாலும் இதத்தான் சொல்றேன், மோட்டார் ஹோம வாடகைக்கு எடுத்தா இன்னும் நல்லது. வாடகை ஒப்பந்தத்துல தார் ரோட்ட விட்டு இறங்கக் கூடாது, டிரெய்லர் இழுக்கக் கூடாதுன்னு நிறைய இடத்துல இருக்கும், கையெழுத்துக்கு முன்னாடி அத மட்டும் கேட்டுருங்க.

5. கராஜ டேப் போட்டு அளங்க, முடிஞ்சா வண்டிய ஏத்தியே பாருங்க

புதுசா வர்றவங்க அதிகமா அடி வாங்கறது இங்கதான்.

"13 அடி கராஜ்"னு எழுதியிருந்தா அது எங்கேர்ந்து எங்க வரைக்கும்னு கேளுங்க. சில மாடல்ல கிச்சன் மேடை வரைக்கும் அளந்து சொல்லியிருப்பாங்க, தரையில சோஃபா கால் நிக்கும். 150 இன்ச் வண்டிக்கு 13 அடில ஆறே இன்ச் தான் மிச்சம், ஸ்டெப்னி வச்சீங்கன்னா கதவு மூடாது.

அகலத்த நடுவுல அளக்காதீங்க. எங்க ரொம்பக் குறுகுதோ அங்க அளங்க, கட்டில் தூக்கற தண்டவாளம், மேல தொங்கற அலமாரி, சக்கரத்துக்கு மேல பெட்டி மாதிரி இருக்கறது, இதெல்லாம் உள்ள நீட்டிக்கிட்டு இருக்கும். கட்டில் கரண்ட்ல மேல ஏறற டைப்னா, முழுசா மேல ஏத்திட்டு அடிப்பாகத்துலேர்ந்து தரைக்கு அளக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் எல்லாம் சரியா அளந்தார், வண்டி கச்சிதமா உள்ள போச்சு, எஞ்சின ஆஃப் பண்ணாரு, அப்புறம் கதவத் தொறக்க இடமில்ல. வண்டியோட ஜன்னல் வலைய அவுத்து, அது வழியா பாம்பு மாதிரி நெளிஞ்சு பின்னாடி வழியா வந்தாரு. 72 இன்ச் வண்டின்னா ஓட்டறவர் எப்படி வெளிய வருவார்னு ஒத்திகை பாக்காம வாங்காதீங்க.

ரேம்ப் கதவு எவ்வளவு எடை தாங்கும்னு அதுலயே எழுதியிருக்கும். நாலு சீட்டுல நடுப்பகுதி நீளம், கதவும் தரையும் சேர்ற மடிப்புல அடிவயிறு இடிக்குதான்னு ஒருத்தர் பக்கத்துல குனிஞ்சு பாக்கணும்.

தரையில இருக்கற கட்டற வளையம் உங்க வண்டியோட நாலு சக்கரத்துக்கும் முன்னாடி பின்னாடி வர்ற மாதிரி இருக்கணும். வளையம் சக்கரத்துக்கு நேர் கீழ மாட்டிக்கிச்சுன்னா பட்டைய சாய்வா இழுக்க முடியாது, நேரா இழுத்த பட்டை பள்ளத்துல குலுங்கறப்ப லூஸ் ஆயிடும்.

அப்புறம் பெட்ரோல். அதே ரூம்ல தூங்கப் போறீங்க. வண்டிய இறக்கினதும் ஜன்னல், மேல வெண்ட் எல்லாம் ஒரு மணி நேரம் தொறந்து வைங்க, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்யுதான்னு பட்டன அமுக்கிப் பாருங்க. வண்டிக்குப் பெட்ரோல் போடறப்ப கேஸ்ல ஓடற ஃப்ரிட்ஜ், ஹீட்டர், அடுப்பு எல்லாம் ஆஃப்ல இருக்கணும்.

6. இப்பத்தான் டிரக்

டீவி விளம்பரத்துல "13,000 பவுண்டு இழுக்கும்"னு வர்ற நம்பர மறந்துருங்க. உங்களக் காப்பாத்தறதும் கவுக்கறதும் பேலோட். டிரைவர் கதவுத் தூண்ல மஞ்சள் ஸ்டிக்கர், ஆட்களும் சரக்கும் சேத்து இவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு இருக்கும். டிரெய்லரோட மூக்கு டிரக்க அமுக்கற எடையும் அந்த "சரக்கு"க்குள்ளதான் வருது, இது நிறைய பேருக்குத் தெரியாது.

பம்பர் புல்லுக்கு மொத்த எடைல 10 லேர்ந்து 15 சதவீதம் மூக்குல உக்காரும். ஃபிஃப்த் வீலுக்கு 20 லேர்ந்து 25.

நம்ம கணக்குக்கு வருவோம். காலி டிரெய்லர் 7,000, சுமை 4,000, மொத்தம் 11,000. அதுல 12 சதவீதம் 1,320. ஹாஃப் டன் டிரக், எஃப்-150 மாதிரி, ஸ்டிக்கர்ல 1,600 இருக்குன்னு வைங்க (ஹாஃப் டன், முக்கால் டன், ஒன் டன்லாம் டிரக் ரகத்தோட பேருதான், தாங்கற எடை இல்ல). நாலு பேர் 600, ஹிட்ச் 100, மிச்சம் 900. ஆச்சு, கத முடிஞ்சுது. முக்கால் டன் பெட்ரோல் டிரக்ல ஸ்டிக்கர் 2,800 சுத்தி இருந்தா, அதே 700 போக 2,100, தாராளமா ஆகுது.

அதே சுமைய 11,500 பவுண்டு ஃபிஃப்த் வீல்ல ஏத்தினா 15,500. 22 சதவீதம் 3,410, ஆட்கள் 600, ஹிட்ச் 200, ஆக 4,200 பவுண்டு பேலோட் வேணும். முக்கால் டன் டீசல் தாங்காது, டீசல் எஞ்சினே கனம், அதுக்கே பேலோட் போயிடும். ஒன் டன்லயும் பின்னாடி நாலு சக்கரம் வர்ற டூயலிதான் நிம்மதி. இங்கதான் "டிரக் ஏற்கனவே எடுத்துட்டேன்"னு சொன்ன தம்பி மாட்டிக்கிறாரு.

குட்டை பெட் டிரக்கா இருந்தா ஃபிஃப்த் வீலுக்கு பின்னாடி நகர்ற ஹிட்ச் வேணும், இல்லன்னா திருப்பத்துல டிரெய்லர் மூலை டிரக்கோட பின் கண்ணாடிய உடைச்சிரும். பம்பர் புல்லுக்கு எடைய முன் அச்சுக்குப் பகிர்ந்து குடுக்கற ஹிட்ச், ஆட்டத்த அடக்கற அமைப்போட வாங்குங்க. ரெண்டுக்குமே டிரெய்லர் பிரேக் கண்ட்ரோலர் கட்டாயம்.

7. லைசென்ஸ்

கலிஃபோர்னியால சாதாரண கிளாஸ் சி லைசென்ஸ்ல, அதிகபட்ச எடை 10,000 பவுண்டு வரைக்கும் இருக்கற டிரெய்லர்தான் இழுக்கலாம். ஃபிஃப்த் வீல்னா தனியா ஒரு எண்டார்ஸ்மெண்ட் எடுத்தா 15,000 வரைக்கும். அதுக்கு மேல ரெண்டுக்குமே நான் கமர்ஷியல் கிளாஸ் ஏ, எழுத்து டெஸ்ட், டிரைவிங் டெஸ்ட் எல்லாம் இருக்கு. நம்ம மாதிரிக் கணக்குல வந்த 11,000 பவுண்டு பம்பர் புல்லே இதுல மாட்டுது பாருங்க. விக்கறவங்க இத வாயத் தொறந்து சொல்லி நான் பாத்ததில்ல. வேற ஸ்டேட்ல இருந்தா உங்க ஸ்டேட் ரூல் பாருங்க.

டிரெய்லர் இழுக்கறப்ப ஸ்பீடு லிமிட் 55, டிரக்கும் டிரெய்லரும் சேத்து நீளம் 65 அடி தாண்டக் கூடாது.

8. கரண்ட்

அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான் சீசன், பகல் இதமா இருக்கும், ராத்திரி குளிர் வாட்டும். கேஸ் ஹீட்டர்தானே, கரண்ட் எதுக்குன்னு நினைப்பாங்க, ஆனா அதுக்குள்ள ஃபேன் ராத்திரி முழுக்க பேட்டரிலதான் ஓடுது. டிரெய்லரோட வர்ற ஒரே ஒரு லெட் ஆசிட் பேட்டரில பாதிக்கு மேல இறக்கக் கூடாது, காலைல நாலு மணிக்கு ஃபேன் நின்னு குழந்தைங்க நடுங்கும். பேட்டரிய ரெண்டாக்குங்க, முடிஞ்சா லித்தியம், மேல சோலார். மிக்ஸி ஓட்டணும்னா மட்டும் ஜெனரேட்டர் போட்டுக்கலாம். தூங்கறப்ப ஜெனரேட்டர் வேண்டாம்.

9. பழசு வாங்கறவங்களுக்கு

டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். 2319ன்னா 2019ல 23வது வாரம். ஆறு வருஷம் தாண்டினா பட்டன் தேயாம புதுசு மாதிரி தெரிஞ்சாலும் மாத்தற செலவ விலையில கழிங்க, நிழல் இல்லாம நின்ன டயர் உள்ளுக்குள்ளயே செத்திருக்கும். கராஜ் தரைய கால்ல அமுக்கி நடந்து பாருங்க, மெத்துனு இருந்தா தண்ணி இறங்கியிருக்கு. ரேம்ப் கதவு மூலைலயும் அப்படித்தான்.

10. முதல் லோடு, தராசு

ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு முதல் தடவையா லோடு ஏத்தாதீங்க. ஒரு வாரம் முன்னாடி தண்ணி ரொப்பி, வண்டி ஏத்தி, குடும்பத்தோட டிரக் ஸ்டாப்ல இருக்கற CAT ஸ்கேலுக்கு, அதாவது லாரி எடை போடற தராசுக்குப் போங்க. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுன்னு மூணு நம்பர் குடுப்பாங்க. அப்புறம் டிரெய்லரக் கழட்டி வச்சுட்டு டிரக்க மட்டும் எடை போடுங்க. முதல் தடவை எடை பகிர்ற ஹிட்ச்சோட கம்பிய லூஸ்ல விட்டு எடுத்திருந்தா, ரெண்டு டிரக் எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் மூக்கு எடை.

அது 10 சதவீதத்துக்குக் கீழ இருந்தா டிரெய்லர் வால ஆட்டும். டாய் ஹாலர்ல இது சகஜம், ஏன்னா கனமான சாமான் எல்லாம் பின்னாடி உக்காருது. சரி பண்ண ஒரு சின்ன வழி: இந்த சைடு பை சைடு வண்டிங்கள்ல எஞ்சின் பின்னாடி இருக்கு, அதனால வண்டிய ரிவர்ஸ்ல ஏத்தினா கனமான பக்கம் முன்னாடி வந்துரும். ஆனா அப்படி ஏத்தினா மூக்கு எடை ஏறிடும், டிரக்கோட பேலோட் ஸ்டிக்கரத் திரும்பப் படிங்க, அதையும் எடை போட்டுத்தான் பாக்கணும்.

நான் முதல் வருஷம் இதெல்லாம் பண்ணாம ஐ-10ல சான் கோர்கோனியோ கணவாய்ல காத்தாடி மில் பக்கம் போறப்ப, பக்கத்துல ஒரு பெரிய லாரி தாண்டுச்சு பாருங்க, டிரெய்லர் என்னை ஓட்ட ஆரம்பிச்சிருச்சு. அப்படி ஆனா டிரக் பிரேக்க மிதிக்காதீங்க, ஸ்டியரிங்க திருப்பி சரி பண்ணப் பாக்காதீங்க. ஆக்சிலேட்டர மெதுவா விட்டு, பிரேக் கண்ட்ரோலர்ல இருக்கற கை லீவர அமுக்கி டிரெய்லர் பிரேக்க மட்டும் புடிக்கணும். அந்த லீவர் எங்க இருக்குன்னு பாக்காமலே கை போகணும், காலி பார்க்கிங் லாட்ல நாலு தடவை பழகுங்க.

11. முதல் பயணம்

பர்மிட்ட கிளம்பறதுக்கு முன்னாடியே வாங்குங்க, கிளாமிஸ்ல அக்டோபர் 1 லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும் ரோட்ல ஓடற வண்டி ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு வேணும். ரெண்டு டிரக்ல போனா ரெண்டு பர்மிட். சைடு பை சைடுக்கு தரையிலேர்ந்து எட்டடி உயரத்துல கொடி கட்டணும், மேட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றவனுக்கு உங்க கொடிதான் முதல்ல தெரியும். தேங்க்ஸ்கிவிங் வாரத்துல மட்டும் முதல் தடவையா போயிடாதீங்க, திருவிழாக் கூட்டம், ரிவர்ஸ் எடுக்கவே இடம் கிடைக்காது.

கிளம்பி 20 மைல்ல நிறுத்தி கட்டின பட்டை எல்லாத்தையும் திரும்ப இறுக்குங்க, சஸ்பென்ஷன் அதுக்குள்ள அமுங்கி லூஸ் விட்டிருக்கும். தார் ரோடு முடியற இடத்துல டிரெய்லர நிறுத்திட்டு, நடந்து போயோ சைடு பை சைட இறக்கியோ இடத்தப் பாத்துட்டு வந்து அப்புறம் உள்ள விடுங்க. திரும்பி வர்ற வழி தெரியாம உள்ள நுழையாதீங்க, மணல்ல டிரெய்லர ரிவர்ஸ் எடுக்கறது மாதிரி ஒரு தண்டனை கிடையாது.

வீட்டுக்குத் திரும்பறப்ப எடை மாறியிருக்கும்ங்கறது கவனத்துல இருக்கட்டும். நல்ல தண்ணி டேங்க் காலி, அழுக்குத் தண்ணி டேங்க் ரெண்டும் ஃபுல், அது ரெண்டும் வேற இடத்துல இருக்கு, போறப்ப இருந்த மூக்கு எடை வர்றப்ப இருக்காது. வழில வர்ற முதல் டம்ப் ஸ்டேஷன்லயே (அழுக்குத் தண்ணி டேங்க காலி பண்ற இடம்) காலி பண்ணிட்டு ஏறுங்க, அதுவும் சான் டியேகோ பக்கம் போறவங்க ஐ-8ல மலை ஏற்றத்துக்கு முன்னாடியே. அந்த ஏற்றத்துல எஞ்சின் சூடாகாம இருக்க ஏ.சி.ய ஆஃப் பண்ணச் சொல்லி போர்டே வச்சிருக்காங்க, பாத்தா ஆஃப் பண்ணிட்டு ஜன்னலத் தொறந்து வச்சுக்கங்க.